சின்னக் குழந்தை சாப்பிடும் சர்க்கரையை அளப்பது எப்படி? பல் ஆய்வில் இறங்குபவர்களுக்கு

பால் பற்களில் வரும் சொத்தை பற்றிய ஓர் ஆய்வுக்காக, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை சாப்பிடுகிறார்கள் என்று அளக்க வேண்டியிருந்தது. சுலபம் என்று நினைத்து இறங்கினேன். முதல் பத்து வீட்டுத் தாள்களையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல், மாதிரி அளவு எல்லாம் உங்களிடம் தயார் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

படி 1: எந்தச் சர்க்கரை?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள 'கட்டற்ற சர்க்கரை'யைத்தான் (ஆங்கிலத்தில் free sugars) எண்ண வேண்டும். (இதை 'இலவச சர்க்கரை' என்று எழுதிய ஒரு படிவத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.) ஆலையிலோ அடுப்படியிலோ நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு, பழச்சாறு எல்லாம் இதில் அடங்கும். முழுப் பழத்தில் உள்ளதும், பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸும் அடங்காது. அதே பழத்தைச் சாறாகப் பிழிந்தால் கணக்கில் வந்துவிடும். பாக்கெட்டில் 'மொத்த சர்க்கரை' என்று போட்டிருந்தால் அதில் லாக்டோஸும் கலந்திருக்கலாம், அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள்.

படி 2: எதில் பதிவது?

என் ஓட்டு மூன்று நாள் உணவுக் குறிப்புத் தாளுக்கு, அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்க வேண்டும். 'வாரத்துக்கு எத்தனை முறை பிஸ்கட்?' என்று கேட்கும் வினாத்தாள், அதிகம் சாப்பிடுபவர் குறைவாகச் சாப்பிடுபவர் என்று பிரிக்க உதவும், ஆனால் கிராம் கணக்குக்கு அதை நான் நம்புவதில்லை. செயலியும் வேண்டாம். ஒரு கையில் குழந்தை, மறு கையில் கிண்ணம், அந்த நேரத்தில் போனைத் திறந்து யார் தட்டச்சு செய்வார்கள்? குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய காகிதமும் நூலில் கட்டிய பேனாவும் போதும்.

மூன்று நாளும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது போலத் தாள் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு வீட்டில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பேனா தேடும் சத்தம் கேட்டது. அதன்பிறகு தினமும் மாலையில் ஒரு சின்ன போன் பேச்சு என்று வைத்துக்கொண்டேன்.

படி 3: கரண்டியை எடை போடுங்கள்

மட்டமாக வழித்த 5 மில்லி தேக்கரண்டியில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கும். வீட்டில் யாரும் மட்டமாக வழிப்பதில்லை. 'வழக்கமாக எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள்' என்று சொல்லித் தராசில் கொட்டச் சொன்னேன். முதல் வீட்டிலேயே 7 கிராம் காட்டியது. 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: மீதியைக் கழியுங்கள்

150 மில்லி பாலில் 9 கிராம் சர்க்கரை கலந்தார்கள், குழந்தை 50 மில்லியை மிச்சம் வைத்தது. உள்ளே போனது 9 அல்ல, 6 கிராம். சட்டையில் சிந்தியதைத் தனியாகக் குறித்தால் போதும், அதைத் துல்லியமாக அளக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

படி 5: நேரம் (நான் சறுக்கிய இடம்)

தூக்கிப் போட்டேன் என்று சொன்ன அந்தப் பத்துத் தாள்களும் இதனால்தான் போயின. 'பழச்சாறு, 200 மில்லி, ஒரு முறை' என்று ஒரு தாளில் இருந்தது. கிராம் சரி. ஆனால் நேரில் போனபோது அந்தக் குழந்தை சிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியது. பொம்மைக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். காலையில் ஊற்றிய சாறு மதியம் வரை ஓடியது. அது எப்படி 'ஒரு முறை' ஆகும்?

சர்க்கரை வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல் மேல் படிந்த படலத்தில் அமிலம் கூடும். பிஎச் (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்டுக் கொண்டுவர 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் அடுத்த வாய் உறிஞ்சினால் மீட்சியே இல்லை. ஸ்வீடனில் 1945 முதல் 1953 வரை நடந்த விப்பஹோல்ம் ஆய்விலும், உணவுக்கு இடையே தின்ற, பல்லில் ஒட்டும் இனிப்புதான் அதிகச் சொத்தையைத் தந்தது. (அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மருத்துவமனையில் இருந்தவர்களிடம் சம்மதம் கேட்காமல் நடத்திய ஆய்வு அது. அதன் முடிவைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

சரி, என்ன செய்தேன்? 'தொடங்கிய நேரம்', 'முடித்த நேரம்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். 30 நிமிட இடைவெளி விழுந்தால் அது புது முறை என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன். பாட்டிலோடு தூங்கினால் தனிக் குறி, ஏனென்றால் தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும்.

படி 6: கணக்கு

எக்செல் போதும். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கிலோகலோரி. நாளுக்கு 1000 கிலோகலோரி சாப்பிடும் குழந்தை 28 கிராம் எடுத்தால் 112 கிலோகலோரி, அதாவது 11.2 சதவீதம். வழிகாட்டுதலின் வரம்பு 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5க்கும் கீழே. கிராமையும் முறைகளின் எண்ணிக்கையையும் ஒரே மதிப்பெண்ணாகக் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். பல் பரிசோதிப்பவருக்கு இந்தத் தாள் கண்ணில் படவே கூடாது, சர்க்கரைக் கணக்கு தெரிந்தால் சொத்தையைத் தேடும் கண்ணும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பின்சேர்க்கை 1: இருமல் சிரப்பை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், விட்டுவிட்டேன். உணவு என்று கேட்டால் மருந்தை யாரும் சொல்வதில்லை, அதனால் தனிக் கேள்வி வேண்டும். பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: தாய்ப்பால் கட்டற்ற சர்க்கரையில் வராது. இரவில் கொடுத்த நேரத்தை மட்டும் குறியுங்கள்.

பின்சேர்க்கை 3: அம்மா எழுதிய தாளில் பாட்டி கொடுத்த மிட்டாய் இருக்காது. இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் கொடுக்கிறேன், ஒருவர் தாளை இன்னொருவரிடம் காட்ட மாட்டேன் என்ற உறுதியோடு. பாட்டிகளின் தாள்தான் முதலில் நிரம்புகிறது.