மதம் மாறிய பிறகு நாடுகடத்தல் வழக்கை மறுபடி திறப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒருவருடைய அடைக்கல மனு தள்ளுபடியாகி, நாடுகடத்தல் உத்தரவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சில வருடம் கழித்து அவர் கிறிஸ்தவராகிறார். இப்போது ஊருக்கு அனுப்பினால் இந்த நம்பிக்கைக்காகவே பிடித்து உள்ளே போடுவார்கள் என்ற பயம். வழக்கை மறுபடி திறக்க வழி இருக்கிறது, ஆனால் பலர் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பிப் போய்த் தோற்கிறார்கள். அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

1. தேதியைப் பாருங்கள்

வழக்கை மறுபடி திறக்கக் கேட்கும் மனுவுக்குக் கெடு இறுதி உத்தரவிலிருந்து 90 நாள், பொதுவாக ஒரே ஒரு மனுதான். வழக்கு குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் (குடிவரவு நீதிபதிகளின் முடிவுகள் மீதான மேல்முறையீட்டைக் கேட்கும் அமைப்பு) வரை போயிருந்தால் மனுவை அங்கேயே போட வேண்டும், போகவில்லை என்றால் குடிவரவு நீதிபதியிடம்.

2. கெடு தாண்டிவிட்டதா?

அப்படியானால் உங்கள் நாட்டில் நிலைமை மாறியிருக்க வேண்டும். நீங்கள் மாறியது மட்டும் போதாது. ஆனால் நீங்கள் மாறியதால்தான் நாட்டு நிலைமை உங்களுக்கு ஆபத்தாகிறது என்றால்? மதம் மாறிய ஒரு இந்தோனேசியரின் வழக்கில் 2014இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: சொந்த வாழ்க்கை மாற்றத்தால் முக்கியத்துவம் பெற்றாலும், நாட்டில் ஏற்பட்ட மாற்றத்தை வாரியம் பரிசீலித்தே ஆக வேண்டும்.

3. இரண்டு கட்டுக் காகிதம்

முழு வழக்கும் இதில்தான் நிற்கிறது. மேசையில் இடது பக்கம் பழைய விசாரணை நடந்த வருடத்தின் ஆதாரங்கள், வலது பக்கம் இன்றைய ஆதாரங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை வருடா வருடம் வெளியிடும் மதச் சுதந்திர அறிக்கையில் அந்தந்த வருடத்து அறிக்கையை எடுத்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சீனாவை எடுத்துக்கொண்டால், விசாரணை 2012இல் முடிந்திருந்தால், திருத்திய மத விவகார விதிமுறைகள் 2018 பிப்ரவரி 1 அன்று அமலுக்கு வந்ததையும், அதே வருடம் டிசம்பரில் செங்டு நகரில் பதிவு செய்யாத சபை ஒன்றைப் போலீஸ் மூடியதையும், அதன் போதகர் வாங் யீக்கு அடுத்த வருடம் 9 ஆண்டு சிறை விதித்ததையும் வலது கட்டில் வைக்கலாம். இடது கட்டு இல்லாமல் போனால், “அப்போதும் இப்படித்தானே இருந்தது” என்று வாரியம் ஒரே வரியில் முடித்துவிடும்.

4. நம்பிக்கைக்கு ஆதாரம்

போதகரின் கடிதம், கூட வழிபடுகிறவர்களின் வாக்குமூலம், புதிதாக நிரப்பிய ஐ-589 படிவம் (அடைக்கல விண்ணப்பம்). அப்புறம், ஊரில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியவரும் என்பதையும் எழுதுங்கள்.

5. வாரியம் மறுத்தால்

30 நாளுக்குள் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி வாரியத்திடமே மனு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், அந்த 30 நாள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாடுகடத்தலுக்கு இடைக்காலத் தடையும் தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது. இதற்கெல்லாம் வக்கீல் கட்டாயம் வேண்டும்.

வழக்கைத் திறக்க மறுப்பது வாரியத்தின் விருப்பம், அதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று அரசு சொல்ல முடியாது. 2010இல் உச்ச நீதிமன்றமே, நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பில், அந்த அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் நீதிமன்றங்கள் பார்ப்பது வாரியத்தின் தவறைத்தான்: வாரியம் ஆதாரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதா, காரணம் சொல்லாமல் மறுத்ததா, சட்டத்தைத் தவறாகப் படித்ததா. தவறு இருந்தால் வழக்கைப் பெரும்பாலும் வாரியத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். வாரியத்தில் தாக்கல் செய்யாத புதுக் காகிதம் எதையும் அங்கே நீட்ட முடியாது, அதனால் அந்த இரண்டு கட்டையும் முதல் மனுவிலேயே முழுசாகச் சேர்த்துவிடுங்கள்.