டர்போ காருக்கு இன்ஜெக்டர்: சிசியை மட்டும் பார்த்து வாங்கினால் வரும் வம்புகள்

பெரிய டர்போவை மாட்டியாச்சு, அடுத்து இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். "எத்தனை சிசி போடலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இங்கே சிசி என்பது நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் தரும் என்ற அளவு. எவ்வளவு பவர், எந்த எரிபொருள், எவ்வளவு பிரஷர் என்று தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. நண்பரின் காரில் 1000 சிசி நன்றாக ஓடுகிறது என்று அதையே வாங்கிவந்து மாட்டுவதுதான் அதிகம் நடக்கிற தவறு.

டொயோட்டா சூப்ரா ஏ80-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினுக்கு ஜப்பானில் நிமிடத்துக்கு 440 சிசி இன்ஜெக்டர், ஏற்றுமதி மாடலில் 550 சிசி. 500 ஹார்ஸ்பவர் வேண்டும் என்றால்? டர்போ பெட்ரோல் இன்ஜின் ஃபுல் பூஸ்டில் (டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது) ஒரு ஹார்ஸ்பவருக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். 500-க்கு 300 பவுண்டு. ஆறு சிலிண்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50. டியூட்டி, அதாவது ஒரு சுழற்சியில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு, 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் 62.5 பவுண்டு. மணிக்கு ஒரு பவுண்டு என்பது நிமிடத்துக்கு 10.5 சிசி என்று பெருக்கினால் சுமார் 656 சிசி. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 440 சிசி 335 ஹார்ஸ்பவரிலும் 550 சிசி 420-இலும் கைவிரித்துவிடும். 700, 750 இருந்தால் தாராளம், 1000 தேவையில்லை.

அந்த 500 எங்கே அளந்தது என்பதையும் பாருங்கள். பவரை அளக்கும் டைனோ மெஷினில் வீலில் வந்த எண் என்றால், கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்றதையும் சேர்க்க வேண்டும். இழப்பு 15 சதவீதம் என்று வைத்தால் இன்ஜினின் கிராங்கில் 588, இன்ஜெக்டர் 770 சிசிக்குப் போய்விடுகிறது.

ஏன் 80 சதவீதம்? 7000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைப்பது 17 மில்லி விநாடிதான். அதற்குள் இன்ஜெக்டர் திறந்து, பீய்ச்சி, மூட வேண்டும். 95-க்கு மேல் போனால் சரியாக மூடவே நேரமில்லை; இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ சொன்ன அளவு ஒன்று, உள்ளே போவது ஒன்று. குளிர்ந்த இரவில் காற்று அடர்த்தியாகி இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கேட்டால் கொடுக்கக் கையிருப்பு இருக்காது. பூஸ்டில் லீன் ஆனால் (பெட்ரோல் குறைந்தால்) நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிப்பது, அப்புறம் பிஸ்டன் காலி.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணிலும் ஒரு சூட்சுமம். ஒரு கம்பெனி 3 பாரில் அளந்து போடும், இன்னொன்று 4 பாரில். ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4 பாரில் 1000 என்றால் 3 பாரில் 866 மட்டுமே. சில கார்களில் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மேனிஃபோல்டின் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின்) பூஸ்டைப் பார்க்காது, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃப்யூயல் ரயிலில் பிரஷர் மாறாமல் 4 பார் இருக்கும். 1.5 பார் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளும்போது மிஞ்சுவது 2.5. அதாவது அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். பூஸ்டைப் பார்க்கிற ரெகுலேட்டர் என்றால் சுமை பம்புக்கு மாறும்: 3 பார் பேஸ் பிரஷரோடு அது 4.5 பார் தள்ள வேண்டும். மணிக்கு 255 லிட்டர் என்று விற்கும் பம்ப் அந்தப் பிரஷரில் 255 தராது. பழைய வயரிங்கில் வோல்டேஜும் இறங்கினால் இன்னும் மோசம். பம்பைக் கணக்கில் சேர்க்காமல் இன்ஜெக்டர் வாங்குவது பாதி வேலைதான்.

பெரிதாகப் போட்டால் பவர் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. ஐடிலில் இன்ஜெக்டர் ஒன்றிரண்டு மில்லி விநாடிதான் திறக்கும். பெரிய இன்ஜெக்டரில் அது இன்னும் குறைந்து, அளவு சீராக வராத பகுதிக்குள் போய்விடும். பழைய டிசைன் 1000 சிசி அங்கே தள்ளாடும்; இப்போதைய போஷ் ஈவி14 வகை சாதுவாக நிற்கும். அதனால் சிசியைவிட, ஒவ்வொரு வோல்டேஜிலும் திறக்க எவ்வளவு தாமதம் என்ற டேட்டா கிடைக்கிறதா என்று பார்ப்பேன். அது இல்லாத மலிவு செட்டுக்கு ட்யூனர் யூகித்துத்தான் ஈசியூவில் மேப் (எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்ற அட்டவணை) போட வேண்டும். மேப்பே மாற்றாமல் மாட்டினால் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாகி) ஓடி, பிளக் கருத்து, சிலிண்டர் சுவரின் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும்.

மேப் மாற்றாமலே சமாளிக்க, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரின் சிக்னலைக் குறைத்துக் காட்டி ஈசியூவை ஏமாற்றும் குறுக்குவழியும் உண்டு. தொடவே தொடாதீர்கள். லோடு குறைவு என்று நம்பி ஈசியூ ஸ்பார்க் டைமிங்கை முன்னே தள்ளும். ஃபுல் பூஸ்டில் அது நாக்கிங்குக்கு அழைப்பு.

ரெசிஸ்டன்ஸையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12 ஓமுக்கு மேல் என்றால் ஹை இம்பீடன்ஸ், 2-3 ஓம் என்றால் லோ. சூப்ராவிலேயே ஜப்பான் 440 ஹை, ஏற்றுமதி 550 லோ. பின்னதற்கு ரெசிஸ்டர் பேக் உண்டு. அது இல்லாமல் ஜப்பான் காரில் 550-ஐச் செருகினால் ஈசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரியலாம்.

எரிபொருள் மாறினால் கணக்கும் மாறும். நம் ஊர் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஆறேழு சதவீதம் கூடுதல். இ85 (85 சதவீதம் வரை எத்தனால்) என்றால் 30 முதல் 40 சதவீதம்.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா டிஎஸ்ஐ கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே போட வேண்டாம். அவை டைரக்ட் இன்ஜெக்ஷன். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்ச சுழற்சியின் ஒரு பகுதிதான் கிடைக்கும், 80 சதவீத விதி அங்கே செல்லாது. பவரைக் கூட்டினால் பெரும்பாலும் முதலில் திணறுவது ஹை பிரஷர் பம்ப். அதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டருக்கு வாருங்கள்.