தோட்டப் பட்டணத்தின் வரலாற்றை ஆற்றிலிருந்து தொகுப்பது எப்படி?

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த தோட்டப் பட்டணத்தின் வரலாற்றைத் தொகுக்க முனைவோர் பெரும்பாலும் தோட்டம் திறந்த ஆண்டையும், துரைமார் எனப்பட்ட தோட்ட மேலாளர்களின் பெயர்களையும் தேடியே களைத்துவிடுகின்றனர். ஆற்றையும் ஆலையையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இங்கே தண்ணீர் எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று கேட்பதே நல்ல தொடக்கம்.

சொந்த ஊரில் கை வைப்பதற்கு முன் வேற்றூர் ஒன்றில் பழகிப் பார்ப்பது நல்லது. செக் நாட்டில், திரெவ்னிட்செ ஆறு மொராவா ஆற்றோடு கலக்குமிடத்திலுள்ள ஒத்ரோகோவிட்செ அதற்கு ஏற்றது. நம் பிள்ளைகள் பள்ளிக்கு அணிந்து சென்ற பாட்டா காலணியின் நிறுவனமே அவ்வூரை வளர்த்தது. பக்கத்து ஊரான ஸ்லீனில் 1894-இல் தொடங்கிய அந்நிறுவனம், 1930-களில் ஒத்ரோகோவிட்செயின் சதுப்பு நிலத்தை, அருகிலிருந்த குன்றின் மண்ணை நீரால் கரைத்துக் கொண்டுவந்து மேடாக்கி, தோல் பதனிடும் ஆலையையும் தொழிலாளர்களுக்கான செங்கல் வீடுகளையும் எழுப்பியது. மின்நிலையத்துக்குப் பழுப்பு நிலக்கரியைப் படகில் கொண்டுவர 1934 முதல் 1938 வரை சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர்வழி அமைக்கப்பட்டது. இன்று அதில் உல்லாசப் படகுகள் செல்கின்றன. தாழ்நிலம் தன் குணத்தை விடவில்லை: 1997 பெருவெள்ளத்தில் ஊர் மூழ்கியது. இப்போது அங்குள்ள பெரிய ஆலை டயர் செய்கிறது, ஆகவே பால்மரம் எனும் ரப்பர் மரத்தை அறிந்தவருக்கு அவ்வூர் முழு அந்நியமன்று.

அதே கேள்விகளோடு உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கிக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும் என்பதால், பழைய ரப்பர் ஆலையின் இடிந்த தொட்டிகளை ஆற்றோரத்திலோ ஓடையோரத்திலோ முதலில் தேடுங்கள். அங்கிருந்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கிராணி எனும் தோட்ட எழுத்தரின் வீடு, துரை பங்களா, கோயில், கள்ளுக்கடை ஆகியவற்றின் தொலைவையும் நில உயரத்தையும் குறித்தால், யார் மேட்டில் வாழ்ந்தார்கள், வெள்ளம் யார் வாசலுக்கு முதலில் வந்தது என்பது விளங்கிவிடும்.

முதியவர்களிடம் வரலாற்றைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். "பெரட்டு எத்தனை மணிக்குப் பாட்டி? பாலை எங்க நிறுப்பாங்க?" என்றால் பேச்சு தானாக வரும் (பெரட்டு என்பது காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது). ஆண்டு நினைவில் இல்லாதவரிடம், ஜப்பான்காரன் காலத்துக்கு (இரண்டாம் உலகப்போரின் ஜப்பானிய ஆட்சி) முன்பா பின்பா, கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க 1948-இல் தொடங்கிய அவசரகாலத்திலா என்று கேட்டால் போதும்.

தோட்டங்களில் பள்ளி அமைக்க நிர்வாகத்தைக் கடமைப்படுத்திய 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் காலம் முதலே தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. தலைமையாசிரியரின் அனுமதியோடு பாருங்கள். கோயில் கணக்குப் புத்தகத்தை அலட்சியப்படுத்த வேண்டாம், அச்சிட்ட விழா மலர்களைவிட அதுவே நம்பத்தக்கது என்பது என் கருத்து. தோட்டம் துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டதா, தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்க 1960-இல் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கியதா, ரப்பர் எப்போது செம்பனையாயிற்று (எண்ணெய்ப்பனையாக மாறியது) என்பவற்றையும் விசாரியுங்கள்.

ஆலை மூடிய ஆண்டை இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் அப்போது எந்த லயத்தில், என்ன வேலையில் இருந்தார் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.