பெங்களூரில் உட்கார்ந்து அமெரிக்கக் குட்டிக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பது எப்படி

லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், டிவி காண்ட்ராக்ட் என்று ஓடும் பெரிய யுனிவர்சிட்டி ஆட்டங்களை விட்டுத்தள்ளுங்கள். நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது) குட்டிக் கல்லூரிகள் ஆடும் மூன்றாம் டிவிஷன். 240 சொச்சம் கல்லூரிகள், விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் ஒரு டாலர்கூடக் கிடையாது, கெமிஸ்ட்ரி லேபை முடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டுகிற பையன்கள்.

முதலில் நேரம். அவர்களுடைய கிழக்குக் கரையில் சனி மதியம் 1 மணி என்றால் நமக்கு ராத்திரி 10:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அதுவே 11:30 ஆகிவிடும், பரம வைரிகள் மோதும் ஆட்டங்கள் பலவும் அதற்கு அப்புறம்தான். மடிவாளா பக்கம் பி.ஜி.யில் இருக்கிறவர்கள் கேட் பூட்டுவதற்குள் பரோட்டா பார்சலோடு உள்ளே வந்துவிடுங்கள். ஆட்டத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம், கல்லூரியின் விளையாட்டுப் பக்கத்தில் அட்டவணைக்குப் பக்கத்திலேயே வீடியோ லிங்க் இருக்கும்; நிறைய இடங்களில் இலவசம், சிலர் காசு கேட்பார்கள்.

விதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். நாலு வாய்ப்பில் பத்து கஜம் முன்னேற வேண்டும், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி; கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், 3. ஆரம்பத்துக்கு இது போதும், மீதி தானாகப் பிடிபடும்.

எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால் இண்டியானா மாநிலத்தின் இரண்டு கல்லூரிகள் மோதும் வாபாஷ் – டிபா. 1890இலிருந்து ஆடுகிறார்கள், 1932இலிருந்து ஜெயிக்கிறவர்களுக்குப் பரிசு மோனான் ரயில்வே இன்ஜினிலிருந்த மணி. எடை கிட்டத்தட்ட 136 கிலோ. இதைத் திருடுவதே தனி விளையாட்டு. 1965இல் வாபாஷ் மாணவன் ஒருவன் மெக்சிகோவிலிருந்து வந்த அதிகாரி என்று சொல்லிக்கொண்டு டிபா கல்லூரித் தலைவரையே நேரில் பார்த்துப் பேசி, மணி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான், அப்புறம் ஆட்கள் போய்த் தூக்கிவிட்டார்கள். ஸ்கோர் முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிடாதீர்கள், ஜெயித்தவர்கள் ஓடிப்போய் மணியை அடிப்பதுதான் ஆட்டத்தின் உச்சம்.

அடுத்து வாஷிங்டனின் காலடெட். காது கேளாதவர்களுக்கான பல்கலைக்கழகம். ஆட்டத்துக்கு நடுவே வீரர்கள் தலையோடு தலை சேர்த்து வட்டமாக நிற்பார்களே, ஹடில், அது 1890களில் இங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள்: சைகையில் போடும் திட்டத்தை எதிரணி பார்த்துவிடக் கூடாதே! பக்கத்தில் பெரிய முரசை அடித்து அதன் அதிர்வில் ஆட்டத்தைத் தொடங்குவதும் ஒரு காலத்தில் அவர்கள் பழக்கமாக இருந்தது.

வில்லியம்ஸ் – ஆம்ஹர்ஸ்ட் ஆட்டமும் பழசு, 1884இல் தொடங்கியது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஃபுட்பால் சீசன் ஓய்ந்த பிறகும் டிசம்பரில் ஒன்று பாக்கி இருக்கிறது. இண்டியானாவில் டெய்லர் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம், பெயர் சைலண்ட் நைட். பரீட்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாணவர்கள் பைஜாமாவிலும் விதவிதமான வேஷத்திலும் வந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், தங்கள் அணி பத்தாவது புள்ளி எடுத்த நொடியில் அரங்கமே வெடிக்கும். அங்கே மாலை என்றால் இங்கே சனிக்கிழமை விடியற்காலை. சத்தமே வரவில்லையே என்று வால்யூமை ஏற்றி வைக்காதீர்கள், எட்டாவது புள்ளியிலேயே குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.