பெப்ரவரிக்கு மட்டும் ஓடிய பிளேஸ்டேஷன் 3

மாமா தோட்டத்து ஆபிசில் வருஷக்கணக்காக எழுதி வைத்த மழைக் கணக்கை ஆராய, ஹட்டன் வீட்டில் மூன்று பழைய பிளேஸ்டேஷன் 3 வீடியோ கேம் பெட்டிகளை இணைத்தேன். மூன்றிலும் 2010 ஏப்ரலில் வந்த 3.21 அப்டேட் ஏறவில்லை. லினக்ஸ் போட்டுச் சாதாரண கம்ப்யூட்டராக ஓட்டும் வசதி அந்த அப்டேட்டோடுதான் போனது.

புரோகிராம் சில மாதங்களின் கணக்குக்கு ஓடியது, மற்ற மாதங்களுக்கு ‘பஸ் எரர்’ (மெமரியை எடுப்பதில் பிழை) என்று நின்றது. சூடு என்று நினைத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றினேன். கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஸ்டெபிலைசர் வாங்கினேன். மெமரி 256 எம்.பி.தானே என்று ஸ்வாப்பை (மெமரி போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தை) கூட்டினேன். நாலு நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: ஓடியதெல்லாம் பெப்ரவரி. அதிலும் 2007 ஓடியது, 2008 நின்றது. 2008இல் பெப்ரவரிக்கு 29 நாள்!

பிளேஸ்டேஷன் 3க்குள் இருக்கும் செல் சிப்பின் துணைச் செயலிகள் மெயின் மெமரியை நேரடியாகத் தொடாது. டி.எம்.ஏ. என்ற மெமரி நகல் முறை வழியாகத் தங்கள் சொந்த 256 கே.பி. மெமரிக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கும் அளவு, மிகச் சிறிய துண்டுகள் தவிர, 16 பைட்டின் மடங்காக இருக்க வேண்டும். நான் ஒரு நாளுக்கு 4 பைட், ஒரு மாதத்துக்கு ஒரு வரிசை என்று வைத்திருந்தேன். 28 நாளுக்கு 112; பதினாறால் வகுபடும். 116, 120, 124 எதுவும் வகுபடாது.

எல்லா வரிசையையும் 32 இடமாக்கி, மிச்சத்தில் பூஜ்ஜியம் போட்டேன். வரிசைக்கு 128 பைட். மெமரியில் வரிசை தொடங்கும் முகவரியையும் 128இன் மடங்காக ஒழுங்குபடுத்தினேன். சராசரியை மட்டும் உண்மையான நாள் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை குறைந்துபோகும்.

அன்றிரவே எல்லா வருஷமும் நிற்காமல் ஓடி முடிந்தது. பெரிய நிம்மதி.