எகிப்தின் அரசு நாளிதழை ஆய்வுக்காக வாசிக்கும் முறை

1880-இல் அலெக்சாந்திரியாவில் தொடங்கி, பின்னர் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்த 'ஈஜிப்ஷியன் கெஸட்' என்னும் ஆங்கில நாளிதழைச் சான்றாகப் பயன்படுத்த விரும்புவோர், முதலில் தாம் எடுத்துள்ள இதழ் எந்தக் காலத்தது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ஆதிக்கக் காலத்தில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயருக்காக வெளிவந்த ஏட்டையும், 1952 புரட்சிக்குப் பின் அரசுக்குச் சொந்தமான தஹ்ரீர் பதிப்பகத்தின் வழியே வெளிவரும் ஏட்டையும், பெயர் ஒன்றே என்பதற்காக ஒரே குரலாகக் கொள்ளலாகாது.

அடுத்து, முதல் பக்கச் செய்தியின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். அதிபர் 'வரவேற்றார்', 'வலியுறுத்தினார்' என்று மட்டும் இருந்து, எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது இல்லையெனில், அது பெரும்பாலும் அரசு அறிக்கையின் மறுபதிப்பே. 'மெனா' என்னும் அரசுச் செய்தி நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது மறுபதிப்பு என்பதில் ஐயம் இன்னும் குறையும். எரிபொருள் விலையுயர்வு 'மானியச் சீரமைப்பு' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அச்சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதிவைத்து, பழைய விலையையும் புதிய விலையையும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், இத்தகைய ஏட்டின் உண்மையான பயன் இதுதான்: நடந்தது என்ன என்பதைவிட, நடந்ததை வெளிநாட்டவருக்கு அரசு எவ்வாறு சொல்ல விரும்பியது என்பதற்கு அது நம்பத்தக்க ஆவணம்.

அதே நிகழ்வைத் தனியார் அரபு நாளிதழான 'அல்-மஸ்ரி அல்-யவ்ம்' எவ்வாறு எழுதியது என்று ஒப்பிட்டு, விடுபட்ட செய்திகளைத் தனியே குறித்துவைக்க வேண்டும்.