பர்ச்சேஸ் ஆர்டர் ஸ்பேமில் சிக்கினால்: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்களை நம்பித் தொழில் செய்யும் சிறு கம்பெனிகள் நிறைய. லோரி குத்தகை, உரம் சப்ளை, மருந்தடிப்பு, லயத்து வீடுகளுக்குக் கூரை மாற்றுவது என்று ஆளுக்கு ஒரு வேலை. முன்பெல்லாம் தோட்டத்து ஆபீசில் கிராணியார் (குமாஸ்தா) கையிலேயே தாளைக் கொடுத்துவிடுவார். இப்போது கோட்டேஷன் கேட்பது, டெண்டர் அழைப்பு, பர்ச்சேஸ் ஆர்டர் எல்லாம் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சலில்தான் வருகின்றன. அது ஸ்பேமில் விழுந்தால் வேலையே கைவிட்டுப் போகிறது.

இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்தின் வழியே மின்னணு முறையில் போகும் இன்வாய்ஸ்) வந்தபின் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக மற்றவர்களுக்கும் வந்திருக்கும் இந்த முறையில், ஓர் இன்வாய்ஸ் உறுதியானதும் அறிவிப்பு வரும். அதில் தொகை தப்பாக இருந்தால் நிராகரிக்கக் கேட்பதற்கு 72 மணி நேரம்தான். அறிவிப்பு ஸ்பேமில் தூங்கினால் அந்த 72 மணி நேரமும் ஓடிவிடும். பிறகு கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும்.

என் அண்ணனுடைய லோரி கம்பெனிக்கு வர வேண்டிய ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் இப்படித்தான் காணாமல் போனது. "அனுப்பியாச்சே அண்ணே, என் சென்ட் பாக்ஸ்ல இருக்கு" என்றார் கிராணி. "இங்க எதுவும் வரலையே தம்பி" என்றார் அண்ணன். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நடுவில் எங்கே நின்றது என்று தேடிப் பிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எந்த இடத்தில் நின்றது?

ஸ்பேம் என்றாலே எல்லோரும் நேராக அமைப்புகளுக்குள் போய் எதையாவது மாற்றத் தொடங்குகிறார்கள். வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி மில்லில் நிற்கக்கூடிய இடம் மூன்று: ஜாகா (காவலாளி) கேட், எடை மேடை, தரம் பார்க்கும் ராம்ப். மின்னஞ்சலும் அப்படித்தான். சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படலாம். உள்ளே வந்து ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். இன்பாக்ஸ் வரை வந்தும் உங்கள் கைப்பேசியோ கணினியோ அதைக் காட்டாமல் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அனுப்பியவருக்கு ஃபோன் போட்டு, "திரும்பி வந்த மெயில் ஏதும் இருக்கா, பாருங்க" என்று கேளுங்கள். இருந்தால் அதை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் ஓர் எண் இருக்கும். 4 என்று தொடங்கினால் தற்காலிகத் தடை. அவர்களுடைய சர்வரே மறுபடி முயலும். 5 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு. அது உங்கள் ஸ்பேம் பெட்டியில் இருக்கவே இருக்காது, தேடிப் பயனில்லை. எதுவும் திரும்பி வரவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் எங்கோ கிடக்கிறது.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு

ஜிமெயிலில் சும்மா தேடினால் ஸ்பேம் பெட்டிக்குள் தேடாது. தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்தினால் விரிவான தேடல் திறக்கும். அதன் கீழே "ஆல் மெயில்" என்று இருப்பதை "மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் ட்ராஷ்" என்று மாற்றிவிட்டு, அனுப்பியவரின் டொமேனை (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) போட்டுத் தேடுங்கள். ஸ்பேமில் கிடப்பவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். அதனால் இன்றைக்கே பாருங்கள்.

கிடைத்ததும் "நாட் ஸ்பேம்" அழுத்துங்கள். அதோடு விடாமல் ஒரு ஃபில்டர் போடுங்கள். இது கைப்பேசி ஆப்பில் முடியாது, கணினியில் பிரவுசரைத் திறக்க வேண்டும். அதே விரிவான தேடல் பெட்டியில் "ஃப்ரம்" கட்டத்தில் @ குறியும் அந்தக் கம்பெனியின் டொமேனும் போட்டு, "கிரியேட் ஃபில்டர்" அழுத்தி, "நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்" என்பதை டிக் செய்யுங்கள்.

முழு முகவரிக்குப் பதில் டொமேனை மட்டும் போடச் சொல்வதற்குக் காரணம், தலைமையகத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஜிமெயில், யாஹூ, ஹாட்மெயில் போன்ற பொது டொமேன்களை இப்படி மொத்தமாக அனுமதிக்கவே கூடாது. அவற்றுக்கு முழு முகவரிதான். அனுமதி கொடுக்கும் முன் அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று உள்ளே எழுதியிருந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே மலேசியாவின் தேசிய மோசடி உதவி எண் 997-க்கு அழையுங்கள்.

சொந்த டொமேன் வைத்திருப்பவர்களுக்கு: இங்கேதான் நிதானம் வேண்டும்

அண்ணன் கம்பெனிக்கு டொட் கொம் டொட் மை முகவரி. வெப் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் சாதாரண மின்னஞ்சல். ஆபீஸ் கணினியில் அவுட்லுக். அந்த அவுட்லுக்கில் இருந்த ஜங்க் பெட்டியை எத்தனை தரம் திறந்தாலும் காலியாகத்தான் இருந்தது. வராத கடிதத்தைத் தேடும் எல்லோரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

காரணம் இதுதான். அந்த அவுட்லுக் பாப்3 முறையில் இணைக்கப்பட்டிருந்தது. பாப்3 சர்வரிலிருந்து இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். சர்வரில் உள்ள ஸ்பேம் பெட்டியை அது தொடாது. அவுட்லுக்கில் தெரியும் ஜங்க் பெட்டி அந்தக் கணினிக்குள் இருப்பது. சர்வரில் உள்ளது வேறு பெட்டி. பர்ச்சேஸ் ஆர்டர் சர்வரில் கிடந்தது, யார் கண்ணிலும் படாமல்.

ஆகவே பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து நேராக சர்வருக்குள் பாருங்கள். இடது பக்கத்தில் "ஸ்பேம்" அல்லது "ஜங்க்" என்று ஒரு பெட்டி இருக்கும். தெரியவில்லை என்றால் வெப்மெயில் அமைப்புகளில் "ஃபோல்டர்ஸ்" பகுதிக்குப் போய் அதை டிக் செய்தால் தெரியும். எங்களுக்கு அங்கே பழைய டெண்டர் அழைப்புகளும் சேர்ந்து கிடைத்தன. படித்தபோது மனம் வலித்தது.

அடுத்து சிபேனல், அதாவது ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம். ஹோஸ்டிங் வாங்கியபோது கொடுத்த கடவுச்சொல்லில் நுழைந்து "ஸ்பேம் ஃபில்டர்ஸ்" திறங்கள். பின்னால் வேலை செய்வது ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருள். ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் போடும். வழக்கமான வரம்பு 5. அதைத் தொட்டால் ஸ்பேம்.

அந்தப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது "ஆட்டோ டிலீட்" என்ற சுவிட்ச். அது போடப்பட்டிருந்தால் ஸ்பேம் என்று கருதப்படும் கடிதம் எந்தப் பெட்டிக்கும் போகாமல் அழிந்துவிடும், மீட்கவே முடியாது. வேலைக்கான முகவரியில் இதை அணைத்தே வைத்திருங்கள். அதற்குப் பதில் "ஸ்பேம் பாக்ஸ்" என்பதைப் போடுங்கள், கடிதம் தனிப் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

பிறகு "ஒயிட்லிஸ்ட்" பகுதியில் நட்சத்திரக் குறி, @, அதையடுத்து அந்தக் கம்பெனியின் டொமேன், நடுவில் இடைவெளி இல்லாமல். இப்படிச் சேர்த்தால் அந்த டொமேன் கடிதங்களின் மதிப்பெண் 100 குறைந்துவிடும், ஸ்பேமாக வாய்ப்பே இல்லை. இதைச் செய்யாமல் வரம்பை 5-லிருந்து 9, 10 என்று ஏற்றி வைக்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மோசடிக் கடிதம் எல்லாம் இன்பாக்ஸில் வந்து கொட்டும். ஆபீசில் உட்காரும் பிள்ளை அதில் ஒன்றை அழுத்தினால் போதும்.

சிபேனலிலேயே "ட்ராக் டெலிவரி" என்று ஒன்று உண்டு. உங்கள் முகவரியைப் போட்டால் அண்மையில் வந்த, நிராகரிக்கப்பட்ட கடிதங்கள் நேரத்தோடு வரிசையாக வரும். "நாங்கள் அனுப்பினோம்" என்று அவர்கள் சொல்லும் நேரத்தை வைத்து இதில் பாருங்கள். பேச்சுக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்.

கடைசியாக, பாப்3-ஐ எடுத்துவிட்டு ஐமேப் முறையில் கணக்கை இணைத்துவிடுங்கள். சர்வரில் உள்ள எல்லாப் பெட்டியும் அப்படியே கணினியிலும் கைப்பேசியிலும் தெரியும். மாற்றுவதற்கு முன் பழைய கடிதங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் பாப்3 இறக்கியபின் சர்வரிலிருந்து அழித்திருக்கலாம். அப்போது அந்தக் கணினியில் உள்ளதுதான் ஒரே பிரதி.

மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துபவர்கள் ஜங்க் பெட்டியோடு "குவாரண்டைன்" பக்கத்தையும் பாருங்கள். கடுமையான சந்தேகம் உள்ளவை அங்கேதான் போகும், அதிகபட்சம் 30 நாள் இருக்கும்.

ஃபார்வர்ட் போட்டு வைத்திருக்கிறீர்களா?

கம்பெனி முகவரிக்கு வருவதையெல்லாம் சொந்த ஜிமெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடுவது நம் ஊரில் சகஜம். இதுவே கடிதம் ஸ்பேமாவதற்குப் பெரிய காரணம். ஒவ்வொரு டொமேனும் "என் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதுதான் எஸ்பிஎஃப். தலைமையகம் அனுப்பியதை உங்கள் ஹோஸ்டிங் சர்வர் அப்படியே திருப்பிவிட்டால், ஜிமெயில் பார்ப்பது உங்கள் சர்வரை. அது தலைமையகத்தின் பட்டியலில் இருக்காது. ஃபெயில். டிகேஐஎம் என்ற கையொப்பம் கடிதத்தோடு கூடவே வருவதால் அது இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் ஸ்பேம்தான்.

ஜிமெயில் ஆப்பிலேயே கம்பெனி முகவரியை இரண்டாவது கணக்காக ஐமேப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஃபார்வர்டே தேவையில்லை.

நாம் அனுப்புவது அவர்கள் ஸ்பேமில் விழுந்தால்

தடை இரண்டு பக்கமும் நடக்கிறது. இன்வாய்ஸ் அனுப்பி மாதக்கணக்கில் பணம் வராமல், கேட்டால் "இன்வாய்ஸே கிடைக்கலையே" என்பார்கள்.

உங்கள் கம்பெனி முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" போங்கள். மேலே சிறு அட்டவணை தெரியும்: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். முதல் இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று டொமேன்காரர் சொல்லி வைக்கும் விதிதான் டிமார்க். ஒவ்வொன்றுக்கும் எதிரே "பாஸ்" அல்லது "ஃபெயில்". அண்ணன் கம்பெனிக்கு எஸ்பிஎஃப் பாஸ். டிகேஐஎம் வரியே இல்லை.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புபவர் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் இல்லாத கடிதம் 550-5.7.26 என்ற எண்ணோடு திரும்பி வரும். கம்பெனி சின்னதுதானே என்று ஒன்றோடு நிற்காதீர்கள், மூன்றையும் போட்டுவிடுங்கள்.

சிபேனலில் "ஈமெயில் டெலிவரபிலிட்டி" திறந்தால் எது குறைகிறது என்று அதுவே காட்டும். பெரும்பாலும் "ரிப்பேர்" பொத்தானை அழுத்தினால் முடிந்தது. பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் உங்கள் டிஎன்எஸ் (டொமேனின் விவரங்கள் பதிவாகியிருக்கும் இடம்) வேறு இடத்தில் இருக்கிறது என்று பொருள். சிபேனல் காட்டும் வரியை நகலெடுத்து அங்கே ஒட்ட வேண்டும். கையால் தட்டச்சு செய்யாதீர்கள். மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம்.

எஸ்பிஎஃப் ஒரு டொமேனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகல் வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று என்று இரண்டு வரி போட்டால் இரண்டுமே செல்லாது. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். டிமார்க்கை முதலில் "நன்" (எதையும் தடுக்காதே) என்ற அளவில் வைத்து, எல்லாம் பாஸ் ஆவது உறுதியானபின் இறுக்குங்கள். சோதித்துப் பார்க்க எனக்குப் பிடித்தது மெயில் டெஸ்டர். அது தரும் முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பினால் 10-க்கு எவ்வளவு என்று சொல்லும், காரணத்தோடு.

இணைப்புகளையும் கவனியுங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போகாது. கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பை ஜிமெயில் தடுத்துவிடக்கூடும். இன்வாய்ஸ் என்றால் சாதாரண பிடிஎஃப் ஒன்றே நல்லது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு பீடோரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: கணக்கு மென்பொருளிலிருந்து இன்வாய்ஸ் அனுப்பினால் மட்டும் போய்ச் சேர்வதில்லை, கையால் அனுப்பினால் போகிறது. அவருடையது பழைய யாஹூ முகவரி. யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க்கை முழு மறுப்பு நிலைக்கு மாற்றிவிட்டது. அதாவது யாஹூ பெயரில் வேறு சர்வர் அனுப்பும் கடிதத்தை நிராகரிக்கும்படி அதுவே உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது. மென்பொருளோ தன் சொந்த சர்வரிலிருந்து அவர் பெயரில் அனுப்புகிறது. அங்கே செய்வதற்கு எந்த அமைப்பும் இல்லை. சொந்த டொமேன் ஒன்று வாங்கி, மென்பொருள் கம்பெனி தரும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் வரிகளை அதில் சேர்ப்பதுதான் வழி. வாங்கிவிட்டார், இப்போது போகிறது.

இன்னொருவருக்கு எந்தப் பெட்டியிலும் கிடைக்கவில்லை. கைப்பேசியில் அவுட்லுக் ஆப். மேலே "ஃபோகஸ்ட்", "அதர்" என்று இரண்டு தாவல். கடிதம் "அதர்" பக்கத்தில் இருந்திருக்கிறது. அது ஸ்பேம் இல்லை, இன்பாக்ஸின் மறுபாதிதான். ஆப் அமைப்புகளில் "ஃபோகஸ்ட் இன்பாக்ஸ்" என்பதை அணைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜிமெயிலில் "ப்ரொமோஷன்ஸ்" தாவலையும் இதேபோல ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.